ஏற்காட்டுக் குளிருக்கு எந்த இன்குபேட்டர் பொருந்தும்?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் வசிக்கிறோம். காப்பித் தோட்டத்தோடு 12 சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளும் 2 சேவல்களும் வளர்க்கிறேன். சென்ற மழைக்காலத்தில் அடைக்கு உட்கார்ந்த ஒரு கோழியைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. இன்னொன்று பாதியிலேயே அடையை விட்டு எழுந்துவிட்டது. அதனால் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க ஒரு சிறிய இன்குபேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம். சேலத்தில் மூன்று வகைகளைப் பார்த்தேன். ஒன்று, குண்டு பல்பு போட்டு, முட்டைகளைக் கையால் திருப்பும் 50 முட்டைத் தெர்மாகோல் பெட்டி. இரண்டாவது, தானாகவே திருப்பும், கண்ணாடி போன்ற மூடி கொண்ட 24 முட்டை பிளாஸ்டிக் கருவி. மூன்றாவது, எல்லாமே தானாக நடக்கும் 100 முட்டைக் கருவி. பெரியதாக வாங்கினால் பின்னால் உதவும் என்கிறார் என் கணவர். கீழே சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் தம்பி, மழைக்காலத்தில் தன் தெர்மாகோல் பெட்டியில் தண்ணீரே வைக்காமல் நன்றாகப் பொரிக்கிறான். மலையில் எப்போதும் மூடுபனி இருப்பதால் எனக்கும் தண்ணீர் வேண்டியிருக்காது என்கிறான். இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். கோழிகளின் எண்ணிக்கை, ஊரின் தட்பவெப்பம், வீட்டு மின்வசதி ஆகிய மூன்றையும் எழுதியிருப்பதால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. 100 முட்டைக் கருவி உங்களுக்கு வேண்டாம். 24 அல்லது 30 முட்டை என்ற அளவு உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் மெல்லிய மூடியுள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியை மலைக்குளிரில் ஓட்டுமாறு நான் சொல்ல மாட்டேன். தடித்த சுவருள்ள தெர்மாகோல் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வெறும் குண்டு பல்பை நம்பியதாக இல்லாமல், உள்ளே சிறு விசிறியும் டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தியதாக இருக்க வேண்டும். 30 முட்டை அளவில் கிடைக்காவிட்டால் 50 முட்டைப் பெட்டியைப் பாதி நிரப்பி ஓட்டுவதிலும் குறை ஒன்றும் இல்லை. கடையில் நிற்கும்போது எத்தனை முட்டை கொள்ளும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். உங்கள் வீட்டு அறையின் குளிரில் இந்தப் பெட்டி 37.5 டிகிரியை எல்லா மூலைகளிலும் ஒரே சீராகப் பிடித்து நிறுத்துமா என்பதுதான் மலையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் அளவைப் பார்ப்போம். நாட்டுக்கோழி, அதிலும் சிறுவிடை, ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். சராசரியாக 70 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 12 கோழிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 840 முட்டைகள் இடும். அதாவது வாரத்துக்குச் சுமார் 16. அடை உட்காரும் கோழிகளை உடனுக்குடன் தெளிய வைத்தால், அதாவது அடையைக் கலைத்துவிட்டால், அவை விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும் என்பதால், நல்ல பருவத்தில் இது வாரத்துக்கு 25 வரை உயரலாம். பொரிக்க வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிப்புத்திறன் குறைந்துகொண்டே போகும். ஆகவே 100 முட்டைக் கருவியை நிரப்ப நீங்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக முட்டை சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குள் முதலில் சேர்த்தவை பயனற்றுப் போயிருக்கும். வாரம் ஒரு தொகுதியாகச் சேர்த்து வைத்துக்கொண்டே போகலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். கடைசி மூன்று நாள்களில் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். அதே பெட்டியில் இருக்கும் இளம் முட்டைகளுக்கு இவை இரண்டுமே கெடுதல். குஞ்சு பொரிக்கும்போது பறக்கும் தூவலும் கிருமியும் அடுத்த தொகுதியைத் தாக்கும் என்பது இன்னொரு காரணம். ஒரே பெட்டி வைத்திருப்பவர் எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைத்து, எல்லாவற்றையும் எடுத்த பின் கழுவிக் காயவைத்துவிட்டு, பிறகு அடுத்த தொகுதியை வைப்பதே முறை.

இனி வெப்பம். விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்குத் தேவையான வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் 99.5. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் தங்கிவிடுவதால், முட்டையின் மேற்புற மட்டத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை வைக்க வேண்டியிருக்கிறது. அளக்கும் இடம் ஓர் அங்குலம் ஏறினாலோ இறங்கினாலோ அளவே மாறிவிடும். கீழே சேலத்தில் அறையே 30 டிகிரியில் இருப்பதால், பெட்டி ஏழெட்டு டிகிரி மட்டும் உயர்த்தினால் போதும். விசிறி இல்லாத பெட்டியும் அங்கே ஓரளவு ஒப்பேற்றிவிடும். உங்கள் ஊரில் மார்கழி, தை இரவுகளில் அறை 15 டிகிரிக்கு இறங்கும்போது அதே பெட்டி 22 டிகிரிக்கு மேல் உயர்த்தியாக வேண்டும். அப்போது பல்புக்கு நேர் கீழே இருக்கும் முட்டை சுடும்; மூலையில் இருக்கும் முட்டை குளிரும். ஓரிரு டிகிரி குறைவாகவே இருந்த முட்டையில் குஞ்சு 22, 23-ஆம் நாள் என்று தள்ளிப்போய், தொப்புள் சரியாக மூடாமல், வலுவின்றி வெளிவரும். வெப்பம் கூடுவதோ இன்னும் ஆபத்தானது: 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றாலே கரு இறந்துவிடும். ஆகவே விசிறி இல்லாத பெட்டியை விலை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் கருவியை நான் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அதன் மூடி ஒற்றைச் சுவராக இருந்தால் குளிர்ந்த இரவில் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். அப்படிக் கோத்தால் மூடி வழியாக வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள். ஹீட்டர் நிற்காமல் ஓடும், ஓரத்து முட்டைகள் குளிரும், மின்சாரம் போனால் உள்வெப்பம் விரைவில் இறங்கிவிடும். தெர்மாகோல் வெப்பத்தை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு உள்ள ஒரே பெரிய குறை, கழுவுவது கடினம் என்பது; அதன் நுண்துளைகளில் தூவலும் முட்டைக் கசிவும் தங்கிக் கிருமி வளரும். உட்புறம் பிளாஸ்டிக் தட்டு அல்லது தகடு பொருத்திய பெட்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். கிடைக்காவிட்டால் அடியில் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். பொரிப்பகங்களில் ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலந்து புகையூட்டுவார்கள். அது நச்சு வாயு, வீட்டுக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது.

வாங்கிய பெட்டியின் திரையில் 37.5 என்று தெரிந்தால் உள்ளேயும் 37.5 இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இந்தச் சிறு கருவிகளின் சென்சார் ஒரு டிகிரி முன்பின் காட்டுவது வாடிக்கை. 21 நாள் முழுவதும் ஒரு டிகிரி பிசகினால் தொகுதியே போய்விடும். இதைச் சரிபார்க்க வேறு கருவி தேடி அலைய வேண்டாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அது வேலை செய்யும் எல்லைக்குள்தான் நமக்குத் தேவையான 37.5 டிகிரியும் விழுகிறது. சிறு மருந்துக் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி, முட்டை இருக்கும் மட்டத்தில் நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாக வைத்து, பெட்டியை மூடி ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். விடியற்காலையில், அறை மிகவும் குளிர்ந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு குப்பியாகத் திறந்து தெர்மாமீட்டரின் முனையைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். ஐந்தும் 37.2-க்கும் 37.8-க்கும் இடையில் இருந்தால் அது நல்ல பெட்டி. ஐந்துமே ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் கட்டுப்பாட்டுக் கருவியில் அந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். மூலைக்கு மூலை ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் விசிறியின் இடத்தை மாற்றித் தருமாறு விற்றவரிடம் கேளுங்கள். மறுத்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு இடம் கொடுக்கும்படி வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கொதிக்கும் நீரில் வைத்துத் தெர்மாமீட்டரைச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் அந்தச் சோதனை அங்கே தவறான முடிவையே தரும்.

தானாகத் திருப்பும் வசதியைப் பற்றி இரண்டு சொல். அது வசதிதான், காலையில் தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு அவசியமும் கூட. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துபோகும். முதல் வாரத்தில் இது மிகவும் முக்கியம். ஆனால் பல தட்டுகளின் குழிகள் 55 கிராமுக்கு மேற்பட்ட பண்ணை முட்டையின் அளவுக்குச் செய்யப்பட்டவை. சிறுவிடை முட்டை 40 முதல் 45 கிராம் அளவே இருப்பதால் குழிக்குள் ஆடும், சாயும். உருளைத் தட்டாக இருந்தால் இடைவெளியில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். உங்கள் வீட்டு முட்டைகளில் நான்கைந்தைக் கடைக்கே எடுத்துச் சென்று, தட்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையால் திருப்புவதானால் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், நீண்ட இரவு நேரத்தில் முட்டை ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

இப்போது உங்கள் தம்பி சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான். அவர் சொல்வது அவருடைய வீட்டுக்கு ஓரளவு சரி. அம்மாபேட்டையில் மழைக்காலத்தில் 28 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, பெட்டிக்குள் நுழைந்து 37.5 டிகிரிக்குச் சூடானதும் 45 சதவீதத்துக்குச் சற்று மேல் நிற்கும். முதல் 18 நாள்களுக்கு வேண்டியது 50 முதல் 55 சதவீதம் என்பதால், முட்டைகளே வெளியிடும் ஈரத்தோடு சேர்ந்து அது ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. உங்கள் ஊரில் மூடுபனி மூடிக் கிடக்கும் ஒரு மாலையில் அறை 18 டிகிரியும் ஈரப்பதம் 90 சதவீதமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று பெட்டிக்குள் சூடானதும் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த காற்றில், அது எவ்வளவு நிறைந்திருந்தாலும், மொத்தமாக உள்ள நீர் குறைவு. சூடானதும் அந்தக் குறைவு வெளிப்பட்டுவிடுகிறது. சன்னலுக்கு வெளியே பனி சொட்டும் நாளில்தான் உங்கள் பெட்டிக்குள் முட்டை அதிகமாக உலரும். தம்பி வழியில் போனால் 20-ஆம் நாள் ஓட்டைக் கொத்தியும், உலர்ந்துபோன சவ்வு தோலோடு ஒட்டிக்கொண்டதால் வெளிவர முடியாமல் உள்ளேயே இறந்த குஞ்சுகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உயரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்க, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீராவி வேகமாக வெளியேறும். ஈரப்பதம் அதே அளவில் இருந்தாலும் முட்டை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உலரக்கூடும். ஆகவே முதல் 18 நாள்களுக்கு 55 முதல் 60 சதவீதமும், கடைசி மூன்று நாள்களுக்கு 70 சதவீதமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதத்தை நிர்ணயிப்பது தண்ணீரின் ஆழமல்ல, அதன் பரப்பு. போதாவிட்டால் இன்னொரு அகன்ற தட்டைச் சேர்க்க வேண்டும், அல்லது தட்டில் ஒரு துணியைப் பாதி வெளியே தெரியும்படி நனைத்துப் போடலாம். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மலைக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பெட்டியின் வெப்பம் சட்டென்று இறங்கும். ஈரப்பத அளவியைச் சரிபார்க்க, ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைவாக நனைத்து, அளவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள்.

அளவியை விடவும் நம்பகமான சாட்சி தராசு. முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை நீராக இழக்க வேண்டும். அப்படி இழந்தால்தான் குஞ்சு முதல் மூச்சு விடுவதற்கான காற்றறை போதிய அளவில் உருவாகும். ஒரு முட்டை 45 கிராம் என்று கொண்டு, 10 முட்டைகளைக் குறி போட்டு ஒன்றாக நிறுத்தால் 450 கிராம் வரும். அவை நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் குறைய வேண்டும். ஏழாம் நாள் 429 கிராம் அளவில் இருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். 420 என்று இருந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், 440-ஐ ஒட்டி இருந்தால் குறையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே கருவி வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்போது, யாருடைய சொல்லையும் விட இந்த எடைக் கணக்கை நம்பலாம்.

ஈரப்பதம் குறையுமோ என்ற பயத்தில் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கரு வளர வளர அதற்குப் பிராணவாயு கூடுதலாக வேண்டும். மலையில் காற்று மெலிந்திருப்பதால் கடைசி வாரத்தில் எல்லாத் துளைகளும் திறந்தே இருக்க வேண்டும். பெட்டியை வைக்கும் அறை விறகடுப்புப் புகை படாத, நேர் வெயிலும் சன்னல் காற்றும் அடிக்காத உள்ளறையாக இருக்கட்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, உங்களிடம் இன்வெர்ட்டர் இருப்பது பெரிய பலம். 30 முதல் 50 முட்டைப் பெட்டி பொதுவாக 60 வாட் அளவில் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதியை மட்டும் கணக்கில் கொண்டு, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் கழித்தால்கூட, நல்ல நிலையில் உள்ள பேட்டரி பெட்டியை 10 மணி நேரம் தாங்கும். டி.வி.யும் மற்ற விளக்குகளும் அதே பேட்டரியில் ஓடினால் இந்தக் கணக்கு பாதியாகிவிடும். 12 வோல்ட் நேர் மின்சாரத்திலும் ஓடும் பெட்டி என்று சொல்லி, கூடவே 7 ஆம்பியர்-மணி சிறு பேட்டரியைக் கொடுப்பார்கள்; அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதை அறிந்து வாங்குங்கள். புயல் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து, இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால், பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் போர்த்தி, மேலே உள்ள துளையை மட்டும் மூடாமல் விடுங்கள். கரு குளிரைச் சில மணி நேரம் பொறுக்கும். குஞ்சு சில நாள் தள்ளிப் பொரிக்குமே தவிர, உடனே செத்துவிடாது. இரண்டு மணி நேரம் மின்சாரம் போனதற்காகத் தொகுதியைத் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. ஓரிரு நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் உள்ளே வைக்கும் முட்டை நன்றாக இருக்க வேண்டும். 12 பெட்டைகளுக்கு 2 சேவல்கள் என்பது போதுமானது. கடையில் வாங்கும் வெள்ளை முட்டைகள் சேவல் இல்லாமல் கூண்டில் வளரும் கோழிகளுடையவை. நாமக்கல்லிலிருந்து நேரடியாக வந்தாலும் அவற்றில் குஞ்சு கிடையாது. விரிசல், கோணல், மிகச் சிறியது, மிகப் பெரியது ஆகியவற்றை ஒதுக்குங்கள். முட்டையைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். சேர்த்து வைக்கும் நாள்களில் கூர்முனை கீழாக நிறுத்தி, 15 முதல் 18 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இதற்கு மிகவும் குளிர். இந்த ஒன்றில் மலைவாசிகளுக்கு இயற்கையே உதவுகிறது: உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியே ஆண்டின் பெரும்பகுதி சரியான சேமிப்பறையாக இருக்கும். சித்திரை வெயிலில் சேலத்து வீட்டு அலமாரியில் வைத்த முட்டையோ, அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி அழிந்துவிடும்.

பெருவிடையோ வேறு இனமோ வேண்டும் என்று கீழிருந்து முட்டை வரவழைத்தால், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அது குலுங்கிக்கொண்டே கடக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அட்டைத் தட்டில் கூர்முனை கீழாக அடுக்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு வருவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் வைக்காமல், ஒரு நாள் முழுவதும் அசையாமல் நிறுத்தி வைத்து, காற்றறை நிலைகொண்ட பிறகே வைக்க வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் கையைக் குவித்து அதில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்தி வலை போல ஓடும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கூர்ந்து பார்த்தால் புள்ளி அசைவதும் தெரியும். எதுவுமே இல்லாமல் தெளிவாக ஒளிர்ந்தால் அது கரு கூடாத கூமுட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு தொடங்கி இறந்துவிட்டது. இவை இரண்டையும் அன்றே எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். கூமுட்டை அதிகம் என்றால் குறை பெட்டியில் இல்லை, சேவலில் இருக்கிறது அல்லது முட்டை பழையது. சிவப்பு வளையங்கள் அதிகம் என்றால் வெப்பத்தைச் சரிபாருங்கள். இந்த ஒரு பார்வையே பெட்டியைக் குறை சொல்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்துவிடும்.

18-ஆம் நாள் முட்டைகளைப் படுக்க வைக்கும்போது, அடியில் சொரசொரப்பான சாக்குத்துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். வழுவழுப்பான தட்டில் பொரிக்கும் குஞ்சுகளுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்து நிலைகுலைந்துவிடும். அதன்பின் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஓட்டைக் கொத்திய குஞ்சு முழுவதும் வெளிவர 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால், உள்ளே இன்னும் வற்றாத ரத்தநாளம் அறுந்து குஞ்சு செத்துவிடும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள்களுக்குக் குஞ்சைத் தாங்கும் என்பதால், தீனிக்காக அவசரப்பட வேண்டாம். தூவல் உலர்ந்து பஞ்சு போல் எழும்பிய பிறகு எடுத்தால் போதும்.

உங்கள் ஊரில் பொரிப்பதை விடவும் பொரித்த குஞ்சைக் காப்பாற்றுவதே கடினம். முதல் வாரம் குஞ்சுகளுக்கு 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குளிர்காலத்தில் இதற்கு ஆகும் மின்செலவு இன்குபேட்டரின் செலவையே மிஞ்சிவிடும். எனவே ஓர் ஏற்பாடு சொல்கிறேன். அடைக்கு உட்காரும் நல்ல சிறுவிடைக் கோழி ஒன்றைத் தெளிய வைக்காமல், பெட்டியில் முட்டை வைக்கும் அதே நாளில் அதற்கும் ஐந்தாறு முட்டைகளை வைத்து, கீரிப்பிள்ளை நுழையாத கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார வையுங்கள். 21-ஆம் நாள் அதன் குஞ்சுகளும் பெட்டிக் குஞ்சுகளும் ஒன்றாகவே பொரிக்கும். அன்றிரவு, நன்றாக இருட்டிய பிறகு, பெட்டிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டால், காலையில் எல்லாவற்றையும் தன்னுடையவையாக ஏற்றுக்கொண்டு கூட்டிக்கொண்டு திரியும். குளிர்காலத்தில் 12 குஞ்சுகளுக்கு மேல் ஒரு கோழியிடம் விட வேண்டாம். அதன் சிறகுக்குள் அடங்காத குஞ்சு விடியும்போது விறைத்துக் கிடக்கும். அதைத் தாண்டிய குஞ்சுகளுக்கு மட்டும் பல்பு போட்ட அட்டைப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர்; சிறகை விரித்து வாயைத் திறந்து ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு; பரவலாகப் படுத்திருந்தால் சரியான வெப்பம்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாளில், கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடச் செய்ய வேண்டும். கோழியோடு திரியும் குஞ்சுகளுக்கும் இது தேவை. மருந்துக் குப்பி திறந்ததும் சில மணி நேரத்துக்குள் தீர்ந்தாக வேண்டியது. ஒரு குப்பியில் நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ போதுமான மருந்து இருக்கும். எனவே அக்கம்பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களோடு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். தாய்க்கோழிகளுக்கு, கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் தவறாமல் ஊசி போட்டுவிடுங்கள்.